வயல் வேண்டும், வயலில் மாப்பிள்ளை வேண்டாம்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளை விசாரிக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "பையன் எங்க இருக்கார்?" என்பது. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று எதைச் சொன்னாலும் பேச்சு மேலே நகரும். "ஊர்லதாங்க இருக்கார், விவசாயம் பாக்குறார்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் மரியாதைக்கு ஒரு வாய் காப்பி குடிப்பார். பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

என் அப்பா காலத்தில் கேள்வி வேறு. "எத்தனை மா?" என்பார்கள். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி நஞ்சை உள்ள வீடு என்றால் பையன் கோபக்காரனா, சீட்டாடுவானா, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவானா என்பதெல்லாம் பெண் அந்த வீட்டுக்குப் போனபிறகு தானே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள். தாத்தாவின் முகத்தைத் தாலி ஏறிய பிறகுதான் சரியாகப் பார்த்தேன் என்று என் அப்பாயி சொல்வாள். குறையாகச் சொல்லமாட்டாள். ஆற்றில் தண்ணீர் வந்ததையும் வராததையும் சொல்கிற அதே குரலில் சொல்வாள்.

மன்னார்குடியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிற ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். நிலத்துக்கு மதிப்பே போய்விட்டதா என்று அவரிடம் கேட்டேன். "யாருண்ணே சொன்னது? அஞ்சு ஏக்கராவது இருக்கணும், அதுவும் பையன் பேர்ல இருக்கணும்னு கேக்குறாங்க. ஆனா பையன் அதுல இறங்கக் கூடாதாம்" என்றார். வயல் வேண்டும், வயலில் மாப்பிள்ளை வேண்டாம். சிரிப்பாக இருந்தாலும் பெண்ணைப் பெற்றவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பார்கள் என்பதை நம்பித்தான் இங்கே குறுவை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் மதகு திறக்கவில்லை. 2017-ல் திறந்தபோது அக்டோபர் பிறந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளை ஒரே இரவில் படுக்கவைத்தது. 2023-ல் சொன்ன தேதியில் திறந்தார்கள், தண்ணீர் போதாமல் கடைமடையில் குறுவை கருகியது. இதையெல்லாம் பார்த்த ஒரு தகப்பன் மகளைச் சம்பளக்காரனுக்குக் கொடுக்க நினைத்தால் அவரைப் பேராசைக்காரர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காவிரித் தண்ணீருக்காக நாமும் கர்நாடகத்தாரும் நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம் என்று பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டி, 2018 பிப்ரவரியில் நமக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் நம் தஞ்சாவூருக்குச் சமமான காவிரி மாவட்டம் மண்டியா. கரும்பும் நெல்லும் விளைகிற ஊர். 2023 பிப்ரவரியில் மண்டியாவின் விவசாயி வீட்டுப் பையன்கள், கல்யாணமாகாத முப்பது வயதுக்காரர்கள், பெண் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குப் பாதயாத்திரை போனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், தேர்தல் பிரச்சாரத்தில் கர்நாடகத்தின் முன்னாள் முதல்வர் எச்.டி. குமாரசாமி, விவசாயி மகனைக் கட்டிக்கொள்கிற பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். தண்ணீரில் ஒத்துப்போகாத இரண்டு ஊர்களும் இதில் ஒத்துப்போய்விட்டன.

மண்டியாவில் பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்த பாவமும் சேர்ந்திருக்கிறது என்பார்கள். நம் பக்கம் அந்தச் சமாதானமும் செல்லாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1035 பெண்கள். கிழவிகள் அதிக நாள் வாழ்வதும் ஆண்கள் வெளியூர் போயிருப்பதும் அந்தக் கணக்கில் உண்டு. அதைக் கழித்தாலும், பெண்ணே இல்லாமல் போன ஊர் இது என்று சொல்ல முடியாது. இருக்கிறார்கள். வேண்டாம் என்கிறார்கள்.

இந்த "வேண்டாம்" விவசாயிக்கு மட்டும் விழுந்த அடி என்று நினைக்க வேண்டாம். முதன்முதலில் நிலத்தை விட்டுப் பட்டணம் போனவர்கள், முதலில் படித்தவர்கள் என்று இங்கே பேர் வாங்கியவர்கள் பிராமணர்கள். 2021 நவம்பரில் தமிழ்நாடு பிராமணர் சங்கத்தின் தலைவர், முப்பதிலிருந்து நாற்பது வயதுக்குள் 40,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் பெண் அமையவில்லை என்று சொல்லி, உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பெண் தேடப்போவதாக அறிவித்தார். லக்னோ வரைக்கும் போய்ப் பெண் பார்க்கலாம், அடுத்த தெருவில் வேறு சாதியில் பார்க்கக் கூடாது என்பது அதற்குள் ஒளிந்திருக்கிற நிபந்தனை. எண்ணிக்கையைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஆண்களிடம் எதிர்பார்ப்பு கூடிவிட்டது என்று டீக்கடையில் புலம்புகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு ஆணிடம் எதிர்பார்ப்பே இல்லை, அவன் நிலத்திடம்தான் இருந்தது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் மைனர்களை நினைத்துப் பாருங்கள். மடிப்புக் கலையாத வேட்டி, கழுத்தில் மைனர் செயின், வாயில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. குத்தகை நெல் களத்துக்கு வந்துவிடும். அவர் ஒருவருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெண்டாட்டிக்கு அவரைப் பிடிக்குமா என்ற கேள்வி அந்தத் தெருவிலேயே எழுந்திருக்காது. நிலம் அவருக்காகப் பேசியது. இன்று நிலம் வாயை மூடிக்கொண்டது, ஆள் பேச வேண்டியிருக்கிறது. பேசிப் பழக்கமில்லை.

வீட்டைத் தாங்குகிறவன் ஆண் என்கிற படமும் பட்டா வைத்திருந்த வீடுகளில் மட்டும் மாட்டியிருந்த படம். சேரியில் அது எந்தக் காலத்திலும் இல்லை. ஆண் நாற்றுப் பறித்தான், பெண் நட்டாள், களை எடுத்தாள், அறுத்தாள். இரண்டு பேர் கூலியும் சேர்ந்தால்தான் உலை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனதற்கு முன்னால் நடந்த போராட்டம் கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டது. அந்த அரைப்படியைக் கேட்டவர்களில் பெண்களும் உண்டு, எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். "அந்தக் காலத்துல ஆம்பளை சம்பாதிச்சான், பொம்பளை வீட்டைப் பாத்தா" என்று யாராவது பெருமூச்சு விட்டால், எந்தத் தெருவில் என்று கேட்கத் தோன்றும்.

வேலைக்கு ஆண், பெண் என்று முத்திரை குத்தியதும் பழக்கத்தைத் தவிர வேறொன்றில்லை என்பதை இப்போது நம் வயல்களிலேயே பார்க்கலாம். நடவு என்றால் பெண்கள் வேலை. ஆண் குனிந்து நாற்று நட்டால் ஊரே கேலி பேசும். இன்று நடவுக்கு ஆள் கிடைக்காமல், மேற்கு வங்கத்திலிருந்து வருகிற ஆண்கள் கூட்டமாக இறங்கி, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, வரிசை பிசகாமல் நட்டுவிட்டுப் போகிறார்கள். வரப்பில் குடை பிடித்து நிற்கிற நம்மவர்கள் யாரும் அவர்களைப் பொம்பளை வேலை செய்கிறவர்கள் என்று சொல்லிக் கேட்டதில்லை. "என்னா வேகம் பாத்தியா!" என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் எந்த வேலைக்கும் மீசை முளைத்துவிடுகிறது. கல்யாணத்தில் ஆயிரம் இலைக்குச் சமைக்கிற ஆண்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

நம் பக்கத்து ஆணை வளர்க்கிற விதத்தில் எனக்கு வேறொரு பெரிய சந்தேகம் உண்டு. அவனை மகனாக வளர்க்கிறோம், அண்ணனாக வளர்க்கிறோம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மாமனாக வளர்க்கிறோம். தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் மடியில் உட்காரவைக்க அவன் வேண்டும். தங்கை மகள் பெரியவளானால் பச்சை ஓலை கட்ட அவன் வேண்டும், சீர்த்தட்டுகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு கொட்டுமேளத்தோடு தெருவில் அவன் வர வேண்டும். தலைதீபாவளிச் சீர், பொங்கல் சீர், ஆடிச் சீர். மொய் நோட்டில் அவன் பெயருக்கு நேரே உள்ள தொகையை ஊர் பத்து வருடம் கழித்தும் சொல்லும். இதற்கெல்லாம் கடன் வாங்கி, தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, முப்பத்தைந்து வயதில் தனக்குப் பெண் தேடுகிற அண்ணன்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். தங்கைக்காகக் கண்ணீர் விடத் தெரிந்தவர்கள். கட்டிக்கொண்டவளிடம் "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

இந்தச் சீருக்குப் பின்னால் ஒரு பத்திரமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. அப்போது கல்யாணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்தது, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்தது. சட்டம் இப்படி இருக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது வேறு. தங்கைகள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் வாங்கிக்கொடுத்த பட்டுப்புடவையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அண்ணன் செய்கிற சீரில் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு பகுதி, அவள் எழுதிக்கொடுத்த பங்குக்கு அவன் தவணையில் கட்டுகிற வட்டி. இப்போது சில வீடுகளில் தங்கை கையெழுத்துப் போட மறுக்கிறாள். "பங்கு கேட்டுட்டாளே" என்று ஊர் அவளைத் தூற்றுகிறது. அவள் கேட்டதால் அண்ணனுக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது என்பதை யாராவது யோசித்தால் நன்றாக இருக்கும். பங்கைக் கொடுத்துவிட்டவன் கடன் வாங்கிச் சீர் செய்ய வேண்டியதில்லை. அண்ணனும் தங்கையும் தீபாவளிக்குச் சும்மா சேர்ந்து சாப்பிடலாம்.

ஊரில் இல்லாத மாப்பிள்ளைதான் சிறந்த மாப்பிள்ளை என்ற எண்ணத்துக்கும் டெல்டாவில் வயது அதிகம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை. இந்த ஊர்களிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன ஆண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தார்கள். அத்தர், டார்ச் லைட், டேப் ரெக்கார்டர், பெட்டி நிறையத் துணி. இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பின்னால் வீடு கட்டிய மேஸ்திரியிடம் மல்லுக்கட்டியவள், வங்கியில் நின்றவள், மாமியாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவள் எல்லாம் அந்த ஒருத்தி. ஐம்பது வயதில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிரந்தரமாகத் திரும்பி வரும்போது வீடு அவன் இல்லாமலே ஓடப் பழகியிருக்கும். திண்ணையில் அவனுக்கு ஒரு நாற்காலி இருக்கும், வேலை ஒன்றும் இருக்காது. பணம் அனுப்பினேனே என்பான். உண்மைதான், அனுப்பினான்.

இப்படி ஒரு வழக்கு டெல்டாவின் வடக்கு ஓரத்தில், நெய்வேலியில் கிளம்பிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கணவர் 1983 முதல் 1994 வரை சவுதியில் வேலை பார்த்தவர். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து, அவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கினார். திரும்பி வந்தவர் எல்லாம் என் சம்பாத்தியம் என்றார். 2023 ஜூன் 21-ல் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்ன தீர்ப்பு, கணவன் குடும்பக் கவலை இல்லாமல் சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான், ஆகவே அப்படிச் சேர்ந்த சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்றது. அவன் எட்டு மணி நேரம் பார்க்கிறது வேலை என்றால் அவள் இருபத்து நாலு மணி நேரமும் பார்க்கிறது என்ன என்று கேட்கிற தொனி அந்தத் தீர்ப்பில் இருந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கியது. ஆயிரம் ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்ததிலும் அதே எண்ணத்தின் வாடை இருக்கிறது.

நாடு முழுக்கக் கணக்கெடுத்த 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை எண்ணில் சொல்கிறது. வீட்டு வேலையில் ஒரு நாளில் கை வைக்கிற ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர். அப்படிக் கை வைப்பவர்களில் பெண் செலவழிப்பது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். ஐந்து ஆண்டு கழித்து மறுபடி எடுத்தபோதும் பெரிதாக ஒன்றும் நகர்ந்துவிடவில்லை. பெண்கள் வேலைக்குப் போனார்கள், பஸ்ஸில் கட்டணமில்லாமல் போனார்கள், பஞ்சாயத்தில் பாதி இடத்தைப் பிடித்தார்கள். அடுக்களைப் பக்கம் ஆண் நகர்ந்த தூரம் மட்டும் ஆய்வாளர்கள் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை.

இதையெல்லாம் ஒரு பையனை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என் அண்ணன் மகன். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தான். கொரோனாவில் ஊருக்கு வந்தவன், இடுப்பு எலும்பு முறிந்து படுத்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிவிட்டான். ஏழு ஏக்கர் பார்க்கிறான். அறுவடை மெஷினுக்கு அலைவது, கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டுத் தூங்குவது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பிவிட்டால் மறுபடி காயவைப்பது எல்லாம் அவன்தான். அம்மாவைக் குளிக்கவைப்பதற்கு மட்டும் ஓர் அம்மாள் வருகிறார், சமையல் இவன் கை. வெந்தயக் குழம்பு அவன் அம்மா வைப்பதைவிட நன்றாகவே வைப்பான். அவளே சொல்வாள்.

இரண்டு இடம் வந்து போனது. மூன்றாவது இடத்தில் அந்தப் பெண்ணே போனில் பேசினாள், கும்பகோணத்தில் ஒரு வங்கியில் வேலை. "ஏங்க ஊருக்கு வந்துட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்காக என்று இவன் சொன்னான். ஒரு வாரத்தில் வேண்டாம் என்று தகவல் வந்தது. "நல்ல பையனா இருக்கார்தான், ஆனா அம்மாவைப் பாத்துக்கற வேலை நாளைக்கு எனக்குத்தானே வரும்" என்று அவள் சொன்னதாகத் தரகர் சொன்னார்.

"நான்தானே சித்தப்பா பாத்துக்கறேன்? இதுல அவங்களுக்கு என்ன பயம்?" என்றான்.

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இவனைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, முடிவெடுக்கிற அளவுக்கு இவனைப் பார்க்க அவளுக்கு வாய்ப்பே இல்லை. தன் அம்மாவையும் பெரியம்மாவையும் அத்தையையும் பார்த்து முடிவெடுத்தாள். அந்த வீடுகளிலும் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவைத் தாங்கிய மகன்கள் இருந்திருப்பார்கள். தாலி கட்டிய மறுநாள் அந்தப் பொறுப்பு ஓசையில்லாமல் மருமகள் தோளுக்கு மாறியிருக்கும். தாத்தாக்கள் வாங்கிய கடன் இது. கட்டுகிறவன் இவன். நியாயமா என்றால் நியாயமில்லை. ஆனால் கடன்காரன் நான் இல்லை என்று வாயால் சொன்னால் எந்தக் கடை நம்பும்? இவன் உண்மையானவன் என்பதை அவள் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆறு மாதமாவது இவனோடு பழகுவது. அதற்குத்தான் இங்கே யாரும் இடம் கொடுப்பதில்லை.

பழகுவது என்று சொன்னவுடன் நம் பக்கத்தில் நெற்றி சுருங்கும். காரணம் தெரிந்ததே. 2024 ஜனவரி மாதத் தொடக்கத்தில், இதே தஞ்சாவூர் மாவட்டத்தில், திருப்பூரில் வேலை பார்த்துவந்த, பட்டியல் சாதிப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட 19 வயதுப் பெண்ணை ஊருக்கு அழைத்துவந்து கொன்ற வழக்கில் அவளைப் பெற்றவர்களே கைதானார்கள். ஆணிடம் நாம் வைத்திருக்கிற எதிர்பார்ப்புகளிலேயே கொடுமையானது இது. பெண்ணைப் பெற்ற ஆண் சாதிக்குக் காவல் நிற்க வேண்டும், தவறினால் ஊர் அவனை ஆண் என்று மதிக்காது. சம்பளம், வீடு, கார் என்று மாப்பிள்ளையிடம் கேட்பது கூடிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள், தகப்பனிடம் இந்த ஊர் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும். டெல்டாவின் காதலைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டு இதைத் தாண்டிப்போனால் அது பாதிப் பேச்சு.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பாபு இந்த ஊர்க்காரன், கும்பகோணத்தில் படித்தவன். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் சம்மதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறான். ஒரு பெண் சரி என்று சொல்ல வேண்டும், அதுவரை தனக்கு உரிமை ஒன்றும் இல்லை என்று தெரிந்த ஆண் அவன். 1960-களில் புத்தகமாக வந்த கதை. படித்துவிட்டுப் பாபுவைப் பாவம் என்று சொன்னவர்கள் அதிகம். பின்பற்ற வேண்டியவன் என்று யாரும் தன் மகனிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அரசாங்கம் பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் என்று 2022-ல் மாதம் ஆயிரம் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பியது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே ஆயிரம் வந்தது. படிப்புக்கு ஆள் இருக்கிறது. இந்தப் பையன் ஒரு வீட்டில் இன்னொருத்தியோடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பாடத்திட்டம் போட வேண்டியவர்கள் அப்பா, சித்தப்பா, தாய்மாமன்கள். நாங்கள் அவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தோம், மொய் எழுதச் சொல்லிக்கொடுத்தோம், பஞ்சாயத்தில் எப்போது பேசக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்தோம்.

பழைய சுமை இறங்காமல் புதிது ஏறியிருக்கிறது என்பதும் உண்மைதான். பெண் வீட்டில் மாதம் லட்ச ரூபாய்ச் சம்பளமும் கேட்கிறார்கள், சென்னையில் அடுக்குமாடி வீடும் கேட்கிறார்கள், சமையலில் கூட நிற்கவும் வேண்டும் என்கிறார்கள். மகள் வங்கி வேலையில் நன்றாகச் சம்பாதிக்கும்போது மருமகன் அவளைவிட ஒரு பத்தாயிரமாவது கூடச் சம்பாதிக்க வேண்டும் என்று ஏன் நிற்கிறீர்கள் என்று ஒரு தகப்பனாரிடம் கேட்டேன். "அப்பதாங்க மரியாதையா இருக்கும்" என்றார். யாருக்கு மரியாதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றை இறக்கிவைக்க வேண்டியது பெரியவர்களின் வேலை. என்னைக் கேட்டால் இறக்க வேண்டியது சம்பளத்தை. கூட நிற்பவனை வைத்துக்கொண்டு குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்திவிடலாம். நம் வீட்டுக் கிழவிகள் அதற்கு நேர்மாறாக நடத்தியவர்கள், அது எப்படி இருந்தது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் நிச்சயதார்த்தம் முடிந்ததும் பையனும் பெண்ணும் போன் நம்பர் மாற்றிக்கொள்கிறார்கள். கல்யாணம் வரை மூன்று மாதம், நாலு மாதம் விடிய விடியப் பேசுகிறார்கள். இதில் யாரும் தவறு காண்பதில்லை. பேசிப் பேசி ஒத்துவராது என்று தெரிந்தால், அப்போது பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. தெரிந்தும் கழுத்தை நீட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள், தெரிந்தும் தாலி கட்டுகிற பையன்களும் இருக்கிறார்கள். பெற்றவர்களே, பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு அந்த நம்பரை நிச்சயத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருந்துகிறது என்று ஜோசியர் சொன்ன அன்றைக்கே கொடுத்தாலும் சரி, பொருந்தவில்லை என்று சொன்ன அன்றைக்குக் கொடுத்தாலும் சரி.